ஹீட்சிங்க் ஒட்டி வரும் பழைய 486 பிராசசரை வாங்காதீர்கள், கால் மாதச் சம்பளம் போச்சு

பழைய பொருள் விற்கும் ஓர் இணையத் தளத்தில் 486 டிஎக்ஸ்2-66 என்ற 66 மெகாஹெர்ட்ஸ் கணினி பிராசசர் சிப் வாங்கினேன். கால் மாதச் சம்பளம் புகையாகப் போய்விட்டது. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

என் மதர்போர்டு 5 வோல்ட் மட்டும் தரும் பழைய ரகம். வோல்டேஜை மாற்ற போர்டில் இருக்கும் சின்ன இணைப்பு, அதுதான் ஜம்பர், அதுவே கிடையாது. பணம் அனுப்பும் முன்பே விற்பவரிடம் இதைத் தெளிவாகச் சொன்னேன். “டிஎக்ஸ்2 என்றாலே 5 வோல்ட்தான் சார், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்” என்றார். கூடவே, கணினி கிளம்பும்போது தெரியும் பயாஸ் திரையின் படம். அதில் 486டிஎக்ஸ்2, 66 என்று பளிச்சென்று இருந்தது. அந்தப் படத்தில்தான் விழுந்தேன். எந்த வோல்டேஜில் ஓடுகிறது என்பதை பயாஸ் எங்கே காட்டுகிறது?

சிப் வந்தது, மேலே சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் பசை போட்டு ஒட்டியபடி. பின்கள் சரியாக உட்கார்ந்தன. உட்காராமல் என்ன, 5 வோல்ட் சிப்புக்கும் 3 வோல்ட் சிப்புக்கும் அதே 168 பின்தானே! பவர் போட்டதும் திரையில் ஒன்றும் வரவில்லை, கருகல் வாடைதான் வந்தது. ஹீட்சிங்கைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் இன்டெல் இல்லை, இன்னொரு சிப் நிறுவனமான ஏஎம்டியின் பெயர், பக்கத்திலேயே ‘3 வோல்ட்’ என்ற அச்சு. இன்டெல் 1992-ல் கொண்டுவந்த டிஎக்ஸ்2-66 5 வோல்ட்தான். ஆனால் ஏஎம்டி அதே பெயரில் இரண்டு ரகமும் போட்டது. வோல்டேஜ் ஏறினால் வெப்பம் அதன் வர்க்கமாக ஏறும், 3.3-க்கான சிப்புக்கு 5 கொடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேல்.

கேட்டால் முதலில் “ஜம்பரை மாற்றியிருக்கணும் சார்”. இல்லாத ஜம்பரை எப்படி மாற்றுவது? அப்புறம் “பழைய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை”. அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன், விற்பவரிடமே பேசச் சொல்லி முடித்துவிட்டார்கள். கால் மாதச் சம்பளம் சார், கால் மாதச் சம்பளம்!

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சிப்பின் மேல் அச்சு தெரியும் படம் கேளுங்கள். மற்ற பழைய சிப்களிலும் கவனம்: 486 வரிசையின் டிஎக்ஸ்4 சிப் 5 வோல்ட்டில் ஓடாது. பென்டியம் எம்எம்எக்ஸ் சிப்பின் கோருக்கு, அதாவது உள் மையத்துக்கு, 2.8 வோல்ட் வேண்டும், பழைய பென்டியத்தின் 3.3-ல் போடாதீர்கள். ஏஎம்டியின் கே6 சிப்பிலேயே 200 மெகாஹெர்ட்ஸ் ரகத்துக்கு 2.9 வோல்ட், 233-க்கு 3.2.

அந்த ஆள் இன்று மறுபடி ஒரு டிஎக்ஸ்2-66 போட்டிருக்கிறார். அதிலும் ஹீட்சிங்க் ஒட்டித்தான் இருக்கிறது.