கும்பகோணத்தில் மகளின் தாடைக் கோணத்தை அளந்தபோது

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளின் பல் வேலையையும் முடித்துக்கொண்டு வருவது மெல்போர்னில் உள்ள நம்மவர் பலருக்கும் வழக்கம். ஆனால் கும்பகோணத்தில் நாங்கள் பார்த்த பல் சீரமைப்பு மருத்துவர், 10 வயதான என் மகளின் எத்துப்பல்லைப் பார்த்ததும் கம்பியைப் பற்றிப் பேசாமல், தாடையின் கோணத்தை அளக்க முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றை எடுத்துவரச் சொன்னார்.

ஸ்கேன் சென்டரில் எடுத்த முதல் படம் பயன்படவில்லை. காதுத் துளைகளில் பிடிப்புகளைப் பொருத்தித் தலையை அசையாமல் நிறுத்திய ஊழியர், கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்திருக்கும்படி குழந்தையிடம் சொல்லத் தவறிவிட்டார். வாய் சற்றுத் திறந்திருந்தாலே கீழ்த்தாடை கீழும் பின்னுமாகச் சுழன்று, கோணம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மிகக் குறைந்த அளவே என்றாலும், குழந்தையை இரண்டாம் முறை கதிர்வீச்சுக்கு உட்படுத்த நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. பெற்றோர் இதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

மருத்துவர் படத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலால் இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்று, காதுத் துளையின் மேல்விளிம்பிலிருந்து கண்குழியின் கீழ்விளிம்புக்குச் செல்வது. மண்டையோடுகளை அளப்பதற்காக மானுடவியலாளர்கள் 1880களில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏற்றுக்கொண்ட கோடு அது. மற்றொன்று, கீழ்த்தாடையின் அடிவிளிம்பை ஒட்டியது. இவ்விரண்டுக்கும் இடையிலான கோணம் பொதுவாக 25 டிகிரியை ஒட்டியிருக்கும். மகளுக்கு 31 இருந்தது. கோணம் மிகுந்தால் முகத்தின் கீழ்ப்பகுதி நீண்டு முகவாய் பின்வாங்கும். குறைந்தால் முகம் குட்டையாகி, மேல்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும். கோணம் மிகுந்த பிள்ளைக்குக் கடைவாய்ப் பற்கள் மேலெழும்பும்படி கம்பியை இழுத்துவிட்டால், தாடை மேலும் பின்சுழன்று முகம் இன்னும் நீளக்கூடும் என்பதால், பல்லை நகர்த்தும் முன் எலும்பின் போக்கைப் பார்த்தாக வேண்டும் என்றார்.

பச்சிளம் பருவத்தில் விரிந்திருக்கும் தாடை மூலை (காதுக்குக் கீழே கீழ்த்தாடை வளையும் இடத்தின் கோணம்), வளர வளரக் குறுகுவது இயல்பு. ஆகவே ஒருமுறை அளந்ததை வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது. பெற்றோரான எங்கள் இருவரின் முக அமைப்பையும் கவனித்த அவர், மகள் இரவில் வாயால் மூச்சுவிடுகிறாளா என்று கேட்டு, மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியைப் பார்க்கத் தஞ்சாவூரில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். வாய்வழி மூச்சு நீடித்தால் தாடை கீழ்நோக்கி வளரும் வாய்ப்பு கூடுமாம்.

“விடுமுறையில் தொடங்கி விட்டுப் போகிற வேலை இல்லைம்மா இது” என்று கம்பி போட மறுத்து, படத்தையும் கோட்டுத்தாளின் நகலையும் கையில் கொடுத்தார். அடுத்த படத்தை மெல்போர்னில் எடுக்கும்போது, அதே புள்ளிகளை வைத்து ஒப்பிட அவை போதும்.