மர நடைவண்டி: கடையில் பார்க்க வேண்டியதும் வீட்டில் திருத்த வேண்டியதும்

கோயில் வாசல் கடைகளிலும் திருவிழாச் சந்தையிலும் மரச்சாமான் பட்டறைகளிலும் கிடைக்கிற மூன்று சக்கர மர நடைவண்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கி வந்த அன்றே பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. கடையில் இருக்கிற வண்டிகளில் பாதி, செய்தவரின் கைவாகுக்கு வந்த அளவில் இருக்கின்றன. அளவு தவறிய வண்டி ஒன்று பின்னால் சாயும், இல்லை முன்னால் ஓடிவிடும். பின்னால் சாய்வதைக் கண்டுபிடிக்க ஒரு அரிசிப் பை போதும், முன்னால் ஓடுவதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் 'வாக்கர்' வேறு, நடைவண்டி வேறு. வாக்கரில் துணி இருக்கை உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்கிறது. பிள்ளை கால் விரல் நுனியால் தரையை உந்துகிறதே தவிர, எடையைப் பாதத்தில் ஏற்றி நிற்கப் பழகுவதில்லை. அதோடு, உந்திய ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். கூப்பிட்டுத் திரும்புவதற்குள் படிக்கட்டுக்கோ, அடுப்படியில் ஆறவைத்த குழம்புச் சட்டிக்கோ போய்ச் சேர்ந்துவிடும். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்தது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,676 பேர் வாக்கரால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்ததாக 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பத்தில் ஒன்பது தலையிலும் கழுத்திலும் பட்ட அடி. நான்கில் மூன்று படிக்கட்டில் விழுந்தது. வீட்டில் வாக்கர் ஏற்கெனவே இருந்தால் அதை யாருக்கும் கொடுக்காமல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய பிளாஸ்டிக்குக்குப் போடுங்கள்.

நடைவண்டியில் பிள்ளை தன் காலில் தானே நிற்கிறது. வண்டி பிடிமானம் மட்டும்தான். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துகொள்ளும். அந்த உயரத்திலிருந்து உட்கார்வதில் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிற பிள்ளைகள் சங்கப் பாட்டிலேயே வருகிறார்கள். இத்தனை காலம் இந்த அமைப்பு நிலைத்ததற்கு அதன் எளிமையே காரணம்.

கைப்பிடி எங்கே இருக்கிறது?

வண்டியைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கைப்பிடிக் கட்டையிலிருந்து நேர்கீழே ஒரு நூல் தொங்கவிட்டால் அது பின்சக்கர அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னால் விழுந்தால் நல்லது. அச்சுக்கு நேர்மேலே இருந்தால் சுமார். அச்சுக்குப் பின்னால் விழுந்தால் அந்த வண்டி வேண்டாம். காரணம் எளிது: நடக்கப் பழகும் பிள்ளை வண்டியைத் தள்ளுவதைவிட அதிகமாக அதன்மேல் தொங்கும், கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்துத்தான் எழுந்து நிற்கும். கைப்பிடி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அந்த இழுப்பு முன்சக்கரத்தைத் தூக்கும். வண்டி பிள்ளை மேலேயே கவிழும்.

இதைச் சோதிக்கத்தான் அரிசிப் பை. 5 கிலோ பையைக் கைப்பிடியின் நடுவில் தொங்கவிடுங்கள். முன்சக்கரம் தரையை விட்டு எழக் கூடாது. பிறகு அதே பையைக் கைப்பிடியின் ஒரு முனைக்கு நகர்த்துங்கள். இப்போது எதிர்ப்பக்கச் சக்கரம் எழும்பினால், கைப்பிடி பின்சக்கரங்களின் இடைவெளியைவிட அகலமாக இருக்கிறது என்று பொருள். பின்சக்கரங்களுக்கு நடுவே 36 செ.மீ. இருந்தால் கைப்பிடி 30 செ.மீ.க்குள் இருப்பது சரி. கடையில் பை இல்லையென்றால் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பக்கவாட்டுச் சாய்வுதான் மூன்று சக்கர வண்டிக்கே உரிய பலவீனம். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் எடை தாங்குகிற இடம் முக்கோணமாகிறது. பிள்ளை ஒரு பக்கமாக முன்னே சாய்ந்தால் அந்த முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். நான்கு சக்கரமும் நடுவில் பெட்டியும் உள்ள தள்ளுவண்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு. பெட்டியில் எடையும் வைக்கலாம். இடம் இருக்கிற வீட்டுக்கு அதையே சிபாரிசு செய்வோம். இரண்டு அறை வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே புகுந்து வர மூன்று சக்கரம்தான் வசதி.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு வயதில் பிள்ளையின் உயரம் சராசரியாக 74 முதல் 76 செ.மீ. கைப்பிடி அதன் தொப்புளுக்கும் மார்புக்கும் இடையில் வரவேண்டும், அதாவது தரையிலிருந்து 42 முதல் 48 செ.மீ. அதைவிடத் தாழ்ந்தால் குனிந்து தள்ளும், தலை முன்னால் போகும். கட்டையின் தடிமன் 2 முதல் 2.5 செ.மீ. இருந்தால் சின்னக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும்.

சக்கரமும் அச்சும்

பழுது பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. சக்கரத்தை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய ஆணியை அடித்து அதையே அச்சாக்கியிருந்தால் சில வாரத்தில் மரத்துளை முட்டை வடிவமாகத் தேயும், சக்கரம் ஆடும், ஆணித் தலை மெல்ல வெளியே வரும். போல்ட் போட்டு, சக்கரத்தின் இருபுறமும் வாஷர் வைத்து, முனையில் லாக் நட் (தானாகத் தளராத நட்) முடுக்கிய வண்டியே வாங்கத் தகுந்தது. ஆணி அச்சு வண்டிதான் கிடைத்தது என்றால் ஆசாரியிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், 8 மி.மீ. போல்ட் போதுமானது. நட்டின் முனை துருத்திக்கொண்டிருந்தால் தொப்பி வைத்த நட்டாகப் போடச் சொல்லுங்கள். குறுக்கே போகிறவர்களின் கணுக்காலுக்கும் அது நல்லது.

லாக் நட்டில் இன்னொரு பயன் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. அதைக் கால் சுற்று இறுக்கினால் சக்கரம் இறுகிச் சுழலும். வண்டிக்கு அதுவே பிரேக். டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், பிள்ளையின் கால் பின்தங்கும், கை முன்னே போகும், முகம் குப்புற விழும். நடைவண்டி விபத்து என்று வருகிறவற்றில் அதிகம் இதுதான். கைப்பிடியை ஒரு விரலால் லேசாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒரு முழத்துக்குள் நின்றால் பழகுகிற பிள்ளைக்குச் சரி. மூன்று முழம் ஓடினால் இரண்டு பின்சக்கரங்களின் நட்டையும் சமமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் வண்டி அந்தப் பக்கமாகவே வளைந்து சுவரில் முட்டும். பிள்ளைக்கு நடை பிடிபடப் பிடிபட, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வரலாம்.

அச்சு இறுகியும் சக்கரம் சுழலாமல் தரையில் இழுபட்டு வழுக்கினால் குறை சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டுங்கள். 10 செ.மீ. விட்டச் சக்கரத்துக்கு 32 செ.மீ. நீளம் வேண்டும். இரு முனையையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தால் இணைப்பு மேடு தட்டாது. செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் ரப்பர் பசையை மரத்திலும் டியூபிலும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாளே பிரியும். குட்டி ஆணி அடித்து நிறுத்துகிற வேலை வேண்டாம். கழன்று விழும் ஆணி நேராகப் பிள்ளையின் வாய்க்குப் போகும்.

சக்கரம் எந்த மரத்துண்டு என்பதையும் கவனிக்கலாம். மரக்கிளையைக் குறுக்காக வெட்டிய வட்டத்தில் ஆண்டு வளையங்கள் தெரியும். பார்க்க அழகு. கோடை வந்ததும் நடுவிலிருந்து விளிம்புவரை வெடிக்கும். பிளைவுட்டில் அறுத்த சக்கரமோ, இரண்டு பலகைகளை ரேகை குறுக்காக வைத்து ஒட்டிய சக்கரமோ நாள் தாங்கும். அச்சில் கிறீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விடாதீர்கள். தூசியை இழுத்துக் கருப்பாகி, பிள்ளையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். மெழுகுவர்த்தியை அச்சில் தேய்த்தால் போதும்.

சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்து 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 12 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். நடுவாந்தரமான சந்தில்தான் சின்ன விரல் புகுந்து மாட்டிக்கொள்ளும். பென்சில் நுழைகிற, ஆனால் உங்கள் கட்டைவிரல் நுழையாத சந்து இருந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

மரம், வண்ணம், பழைய வண்டி

வேம்பு, தேக்கு, பூவரசு, ரப்பர் மரம் என்று பல பேர் சொல்லி விற்பார்கள். பெயரைவிட எடையைப் பாருங்கள்: 2 முதல் 3 கிலோ இருந்தால் நல்லது. பைன் மரத்தில் செய்தது பெரும்பாலும் அதைவிட இலேசு. பிள்ளை தொட்டதும் நகரும். அப்படிப்பட்ட வண்டியில் சட்டத்தின் கீழ்க்கட்டையில், அச்சுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டு இறுகக் கட்டிவிடலாம். கைப்பிடியில் கட்டினால் பலன் தலைகீழாகும்.

பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. அதனால் சந்தையில் வாங்கும் வண்டியில் முத்திரை இல்லாதிருக்கலாம். அப்போது சோதிக்கிற பொறுப்பு வாங்குகிறவருடையது. மணி, உருளை, பாசி என்று தொங்கவிட்ட அலங்காரங்களை இழுத்துப் பாருங்கள். 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் அடங்குகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது பொம்மைத் தர விதிகளின் கணக்கு. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிய்த்துவிடுங்கள். வண்டிக்கு அலங்காரம் தேவையில்லை.

வண்ணமில்லாத வண்டி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 220ஆம் எண்ணால் மழமழப்பாக்கி, தேன்மெழுகைப் பூசித் துணியால் துடைத்தால் போதும். கைப்பிடியைப் பிள்ளை கடிக்கும், அதை மனத்தில் வைத்தே எல்லாம் செய்ய வேண்டும். கர்நாடகத்தின் சன்னபட்டணக் கடைசல் வேலைபோல அரக்குப் பூசியதும் நல்லதே. ஆனால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். சானிடைசர் தெளித்துத் துடைத்தால் மேல்பூச்சு பிசுபிசுத்து உரியும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

அப்பாவோ மாமாவோ நடைபழகிய வண்டி பரணில் இருக்கிறது, அதை இறக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ஆசை நியாயமானது. ஆனால் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் தரையெங்கும் படியும். தவழும் பிள்ளைக்கு அது பெயிண்டைவிட மோசம். வண்ணம் பூசாத பழைய வண்டியென்றால் அச்சை மாற்றிப் பயன்படுத்துங்கள். வண்ணம் பூசியதென்றால் அதை அளவெடுத்து அதேபோல் புதிது செய்யச் சொல்லுங்கள். பழைய ஆசாரிகள் செய்த வண்டியில் கைப்பிடியின் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எப்போது, எங்கே

பிள்ளை கட்டிலையோ சுவரையோ பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நாலு எட்டு வைக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டிக்கு வேலை. அதற்கு முன் கொடுத்துப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, துணையின்றி நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்பதற்காக வண்டி வாங்க ஓட வேண்டாம். வண்டி நடையைப் பழக்கும், முன்கூட்டி வரவழைக்காது.

வெறுங்காலோடு விடுங்கள், காலுறை டைல்ஸில் வழுக்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். பெரியவர் முன்னால் நின்று கூப்பிடுவதைவிட ஒரு கை தூரத்தில் பின்னால் வருவது நல்லது. நிலைப்படியும் கால்மிதியின் ஓரமும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள்: சிறிய முன்சக்கரம் அங்கே சட்டென்று நின்றுவிடும், பிள்ளை கைப்பிடிக்கு மேலே போகும். 8 செ.மீ.க்குக் குறைந்த சக்கரத்துக்கு இது அடிக்கடி நேரும். கார் நிறுத்தும் சரிவு, நீர் வடியச் சாய்வு வைத்த மொட்டை மாடி, ஈரம் உலராத முற்றம் ஆகிய மூன்று இடங்களும் வண்டிக்கு ஆகாது. மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு இல்லாத வீட்டில், வண்டியை எடுக்கும்போது அந்த அறையின் கதவைச் சாத்திவிட வேண்டும்.

விலை ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் 600 முதல் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்தால் கொஞ்சம் கூடும். கைப்பிடி முன்தள்ளியும் லாக் நட் அச்சும் கேட்டு வாங்கலாம் என்பதால் அந்தக் கூடுதல் தகும். வாரம் ஒருமுறை நட்டுகளையும் கைப்பிடியின் இணைப்பையும் ஆட்டிப் பாருங்கள். அண்ணனோ அக்காவோ வண்டியின் சட்டத்தில் ஏறி நின்று ஓட்டுகிற நாள் வந்தால் இந்தச் சோதனையை அன்றன்று மாலையே செய்ய வேண்டும்: அந்த எடை பின் அச்சுக் கட்டையின் ரேகை வழியே நூல் அளவு விரிசலைத் தொடங்கிவைக்கும், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது லேசான 'டக்' சத்தமாக அது முதலில் தெரியும்.