பதினான்கு மீட்டர் தள்ளி ஒரு டப்பா: வேலூர்ப் பாறைகளில் எட்டு வருஷ ஜிபிஎஸ் அனுபவம்

2024 மார்ச் மாதம், வள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு பாறைக் குன்றில் மச்சானுக்காக ஒரு டப்பா ஒளித்து வைத்தேன். ஒருவர் ஒளித்த பொருளை, அந்த இடத்தின் கோஆர்டினேட்டை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) வைத்து இன்னொருவர் ஜிபிஎஸ் கருவியோடு தேடும் ஜியோகேச்சிங் எங்கள் குடும்ப விளையாட்டு. ஆம்பூர் பிரியாணி பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாதான். உள்ளே ஒரு சின்ன நோட்டு, பென்சில், பிள்ளைகளுக்கு நாலு கோலிகுண்டு. வேலை முடிந்து போனதால் மணி ஏழரை தாண்டிவிட்டது. கையிலிருந்த ஜிபிஎஸ் கருவி துல்லியம் ±4 மீட்டர் என்று காட்டியது. அது போதும் என்று அந்த இடத்தைக் கருவியில் ஒரு பாயிண்டாகச் சேமித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலையில் மச்சான் போய், ஒன்றரை மணி நேரம் வெயிலில் காய்ந்துவிட்டு போன் செய்தான். "இன்னா மாமா, டப்பாவ நெஜமாவே வெச்சீங்களா, இல்ல வூட்லயே மறந்துட்டீங்களா?"

நானே கிளம்பிப் போனேன். டப்பா வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால், சேமித்த பாயிண்ட் பதினான்கு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கருவி சொன்னது. அரை மணி கழித்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். பாறைக் குன்றில் பதினான்கு மீட்டர் என்றால் நடுவில் எத்தனை இடுக்கு, எத்தனை பொந்து! பாவம், மச்சான்.

கருவி கார்மின் ஈட்ரெக்ஸ் 30. 2016ல் பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பாலாற்று மணலில் புதைந்திருக்கிறது, அமிர்தி அருவியில் நனைந்திருக்கிறது, பைக்கிலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. இன்னும் ஓடுகிறது. சார்ஜ் ஏற்றும் ஏஏ பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்பதைத் தப்பாகக் காட்டும். கருவியின் உடம்பைப் பற்றி இவ்வளவு போதும். பேச வேண்டியது அந்தத் துல்லியக் கணக்கைப் பற்றி.

ஜியோகேச்சிங் என்ற இந்த ஒளித்துத் தேடும் விளையாட்டு பிறந்ததே துல்லியத்தால்தான். 2000 மே 2 வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய மறுநாளே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்துவிட்டு அதன் கோஆர்டினேட்டை உலகத்துக்கு அறிவித்தார். அங்கிருந்து கிளம்பிய விளையாட்டுதான் வேலூரில் எங்கள் குடும்பத்துக்குள் பிரியாணி டப்பாவாக வந்து நிற்கிறது.

கலப்படம் போனாலும் மீதிப் பிழைகள் இருக்கின்றன. செயற்கைக்கோளின் கடிகாரமும் பாதையும் கொஞ்சம் பிசகும். அதைவிடப் பெரியது, சிக்னல் கடந்து வரும் அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்துகள்கள் நிறைந்த அடுக்கு. அது சிக்னலைத் தாமதப்படுத்தும், கருவி அதைக் கூடுதல் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்ததுதான் ககன். விமானங்களுக்காகச் செய்தது, நமக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இருக்கும் இடம் மிகச் சரியாகத் தெரிந்த 15 நிலையங்கள் நாடு முழுக்க உட்கார்ந்து ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்கின்றன. 'நான் இருப்பது இங்கே, சிக்னல் சொல்வது அங்கே' என்ற வித்தியாசத்தைப் பெங்களூருக்கு அனுப்புகின்றன. அங்கே கணக்குப் போட்டு, திருத்தத்தை ஜிசாட்-8, ஜிசாட்-10 போன்ற செயற்கைக்கோள்கள் வழியே திருப்பி இறக்குகிறார்கள். ஜிபிஎஸ் வரும் அதே அலைவரிசையில் வருவதால் தனி ஆன்டெனா வேண்டாம்.

என் கருவியின் மெனுவில் ககன் என்ற பெயரே கிடையாது. அமெரிக்க, ஐரோப்பியப் பெயர்களில் 'வாஸ்/எக்னாஸ்' என்றிருக்கும். அதை ஆன் செய்தால் போதும், மூன்றும் ஒரே முறைதான். முதல் ஒரு வருஷம் இது தெரியாமல் ஆஃபில் வைத்தே சுற்றினேன். ஆன் செய்தபின் கருவியின் சாட்டிலைட் திரையில் 40, 41 என்ற எண்கள் தெரிந்தால் அவை ஜிசாட்-8ம் ஜிசாட்-10ம். கொஞ்ச நேரம் பொறுத்தால், மற்ற செயற்கைக்கோள்களின் சிக்னலைக் காட்டும் கோடுகளின் மேல் 'டி' என்ற எழுத்து வரும். திருத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அயனி மண்டல விவரம் முழுதாக வந்து சேர ஐந்து நிமிஷம்வரை ஆகும். பைக்கை நிறுத்தியதும் கருவியை ஆன் செய்து பாறைமேல் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவது என் வழக்கம்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வடக்கே தூரத்து நாடுகளில் இந்தத் திருத்தச் செயற்கைக்கோள்கள் அடிவானத்தோடு தாழ்ந்து கிடக்கும், ஒரு மரமோ மேடோ மறைத்துவிடும். வேலூரிலிருந்து பார்த்தால் ஜிசாட்-10 எழுபது டிகிரிக்கு மேலே, உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கிறது. சத்துவாச்சாரி மொட்டை மாடியில் அது மறைந்து நான் பார்த்ததில்லை. அதே மாடியில் ஒரே இடத்தில் வைத்துப் பதிந்தால், திருத்தம் இல்லாத நாளில் புள்ளி ஏழெட்டு மீட்டர் அலைந்து திரியும். திருத்தத்தோடு இரண்டு மூன்று மீட்டருக்குள் அடங்கி உட்கார்ந்துவிடும். உயரக் கணக்கில் முன்னேற்றம் இன்னும் நன்றாகவே தெரிந்தது.

அப்புறம் அந்தப் பதினான்கு மீட்டர்? அதற்கு நம் ஊர் இருக்கும் இடமே ஒரு காரணம். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததே அதனால்தான். இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அயனி மண்டலம் சும்மா இருக்காது. சூரியன் இறங்கியபின் அதில் மின்துகள் குறைந்த திட்டுகள் குமிழி குமிழியாகக் கிளம்பும். மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் அதிகம், சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களில் இன்னும் அதிகம். 2024 அப்படிப்பட்ட வருஷம், மார்ச் அப்படிப்பட்ட மாதம், இரவு ஏழரை மணி அப்படிப்பட்ட நேரம். ககன் அயனி மண்டலத்தை ஐந்து டிகிரிக் கட்டங்களாகப் பிரித்துச் சொல்கிறது, கட்டத்தின் ஒரு பக்கமே சுமார் 550 கிலோமீட்டர். அதற்குள் ஒளிந்திருக்கும் சின்னக் குமிழி அந்தக் கணக்கில் சிக்காது. முழுப் பழியையும் வானத்தின்மேல் போட மாட்டேன், நான் நின்றது செங்குத்துப் பாறையை ஒட்டி. ஆனால் அன்றிலிருந்து இருட்டியபின் எடுத்த பாயிண்டை நான் நம்புவதில்லை.

பாறை என்றதும் வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வருகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே டப்பா வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டோம். ஆனால் அகழி ஓரம் கருவியோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். மதில் நெருங்கும் இடங்களில், திரையில் நாம் நடந்த தடம் தண்ணீருக்குள் இறங்கி எழுந்து வரும். சிக்னல் நேராக வராமல் கருங்கல்லில் மோதித் தெறித்து வருவதுதான் காரணம். இந்தப் பிழை நம் காலடியில் பிறப்பது, இதைப் பெங்களூர்க் கணக்கு எப்படித் திருத்தும்? கருவியோ ±3 என்று கூசாமல் காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் கருவியின் சொந்த மதிப்பீடு, அவ்வளவுதான். மழை நாளில் புளியமரத்தடியிலும் இதே தொல்லை உண்டு.

இப்போது நான் செய்வது இது. டப்பாவின் பாயிண்டை நேராகப் பாறை இடுக்கில் எடுக்காமல், ஐந்தாறு அடி தள்ளி வானம் திறந்த இடத்தில் பதிந்துவிட்டு, 'இங்கிருந்து கிழக்கே ஆறு அடி' என்று குறிப்பில் எழுதிவிடுவேன். கருவியில் பாயிண்டைச் சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. நாலு முதல் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு நிமிஷ இடைவெளி விட்டு எடுக்கச் சொல்கிறது கையேடு. யாருக்கு அவ்வளவு பொறுமை? காலையில் ஒன்று, கீழே டிபன் முடித்துவிட்டு வந்து ஒன்று, கிளம்பும்முன் ஒன்று, அவ்வளவுதான். அதற்கே நல்ல பலன் தெரிகிறது. ஒளிப்பவர் பிழையும் தேடுபவர் பிழையும் சேர்ந்துகொள்ளும் விளையாட்டு இது, ஒரு பக்கமாவது சுத்தமாக இருந்தால் நல்லது. தேடும்போது கடைசிப் பத்து மீட்டரில், திரையில் திசை காட்டும் அம்பைத் துரத்தாதீர்கள். நின்று, கருவியைப் பையில் போட்டுவிட்டு, ஒளிப்பவன் எங்கே வைத்திருப்பான் என்று யோசியுங்கள்.

ஒரு முறை துல்லியத்தில் குறையே இல்லாமல் நூறு மீட்டருக்கு மேல் தப்பினோம். மச்சான் ஏதோ பழைய சர்வே வரைபடம் பார்க்க வேண்டி டேட்டத்தை (கோஆர்டினேட்டுகளை எதை அடிப்படையாக வைத்து அளப்பது என்ற அமைப்பை) இந்திய முறைக்கு மாற்றிவிட்டு, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84க்குத் திருப்ப மறந்துவிட்டான். பிரியாணி டப்பா விஷயத்தில் நான் பட்ட அவமானம் அன்றைக்குக் கொஞ்சம் ஆறியது. கோஆர்டினேட்டை டிகிரி, நிமிஷம், நிமிஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதுவது இந்த விளையாட்டின் வழக்கம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.8 மீட்டர்தான் நகரும், ஆனால் நிமிஷத்தையே தப்பாக அடித்தால் பக்கத்து ஊர்.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வழக்கமான ஜிபிஎஸ் அலைவரிசையோடு எல்5 என்ற புதிய அலைவரிசையையும் வாங்கும் மச்சானின் போன், மதில் ஓரத்தில் என் ஈட்ரெக்ஸைவிட ஒழுங்காகத் தடம் போட்டது. இரண்டு அலைவரிசை இருந்தால் அயனி மண்டலத் தாமதத்தைக் கருவியே கணக்கிட்டுக்கொள்ள முடியும், எதிரொலியையும் எல்5 நன்றாகத் தாங்கும். ஆனால் மே மாத வேலூர் வெயிலில், பதினொரு மணிக்குப் பாறைமேல் அந்த போன் சூடாகித் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். ஈட்ரெக்ஸின் திரைக்கு வெயில்தான் விளக்கு. பேட்டரி தீர்ந்தால் மலையடிவாரப் பெட்டிக்கடையில்கூட இரண்டு ஏஏ கிடைத்துவிடும்.

இரட்டை அலைவரிசை உள்ள கார்மின் ஜிபிஎஸ்மேப் 65 கருவி வாங்கலாமா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். அந்தக் காசுக்கு முதலில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றச் சொல்கிறாள் மனைவி. கோடை வருகிறது, அதனால் இப்போதைக்கு ஈட்ரெக்ஸ்தான்.