ரூகர் 10/22, மார்லின் 60: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்காவில் .22 எல்.ஆர். என்ற சிறு தோட்டாவுக்கான அரைத் தானியங்கி ரைஃபிள் (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைச் சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்க நினைத்தவர்களிடம் நெடுங்காலமாக இரண்டு பெயர்களே முதலில் சொல்லப்பட்டு வந்தன: 1960இல் அறிமுகமான மார்லின் மாடல் 60, 1964இல் வந்த ரூகர் 10/22. டெக்ஸாஸில் வசிக்கும் நான் இரண்டையும் பல ஆண்டுகளாகச் சுடுதளத்தில் பயன்படுத்தி வருகிறேன். எது துல்லியமானது என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் நாள்பட்ட பயன்பாட்டில் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது தோட்டாக்களை நிரப்பும் முறைதான்.

துல்லியத்தில் மார்லினுக்கே என் ஓட்டு. உட்புறத்தில் குண்டைச் சுழலவைக்கும், ஆழம் குறைந்த 16 வரிப்பள்ளங்கள் கொண்ட அதன் 'மைக்ரோ குரூவ்' குழல், 50 கஜ தூரத்தில் மலிவான தோட்டாக்களையும் ரூகரைவிடச் சற்று நெருக்கமாகவே இலக்கில் சேர்க்கிறது. ரூகரின் டிரிகர் (விசை), வாங்கிய நிலையில், இழுக்கக் கொஞ்சம் கனம்.

மார்லினில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயில் இருக்கின்றன. நிரப்புவதற்கு உட்குழாயைத் திருகி முனைப் பக்கமாக இழுத்து, அடைப்புத் துளை வழியே ஒவ்வொன்றாக 14 தோட்டாக்களைப் போட வேண்டும். அப்போது கை குழல் முனைக்கு அருகிலேயே போய் வருவதை நான் விரும்புவதில்லை. தளத்தில் சுடுவதை நிறுத்தச் சொன்னதும் ரூகர்காரர் மேகசினைக் (தோட்டாப் பெட்டி) கழற்றி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டைத் திறந்து காட்டிவிடுகிறார். மார்லின்காரரோ குழாயில் எதுவும் தங்கவில்லை என்று உறுதிசெய்ய உட்குழாயை உருவிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரூகரின் 10 தோட்டாச் சுழல் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி இடம் இருப்பதால், ஒன்றின் அடிப்பகுதி விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறிச் சிக்குவதற்கு வழியே இல்லை. விளிம்புள்ள தோட்டாவுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. மாறாக, 1980களுக்குப் பிந்தைய மார்லினில் கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்தே நின்றுவிடும். வழக்கமான 10/22இல் அந்த வசதி இல்லாததால், தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதை 'டிக்' என்ற ஓசை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்.சி.சி.யில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்டை இழுத்துச் சுட்டவர்களுக்கு இது முதலில் குழப்பமாகவே இருக்கும்.

.22 போல, அடி விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டா அழுக்கானது. ஈயமும் மெழுகும் எரியாத மருந்துத் துகளும் சேர்ந்து போல்டின் முகத்தில் கறுப்புப் பசையாகப் படிகின்றன. ரூகரில் கட்டையைக் (தோளில் வைக்கும் பிடிப்பகுதி) கழற்றி இரண்டு திருகுகளை எடுத்தால் குழல் தனியாக வந்துவிடுவதால், அறையை வெளிச்சத்தில் பார்த்துத் துடைக்க முடிகிறது. 2012இல் வந்த 'டேக்டவுன்' வகைக்குக் கருவியே தேவையில்லை. மார்லினைப் பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. போல்டின் மெல்லிய சுருள்வில் எளிதில் நெளிந்துவிடும்.

புதிதாக வாங்குபவருக்கு ரூகரையே பரிந்துரைப்பேன். மாற்றுக் குழல், டிரிகர், கட்டை என எதுவும் எளிதில் கிடைக்கிறது. 2020இல் மார்லினின் உரிமையாளரான ரெமிங்டன் திவாலானபோது, மார்லின் நிறுவனத்தை ரூகரே வாங்கிக்கொண்டது. மாடல் 60 உற்பத்தி அத்துடன் நின்றதால் இப்போது பழையதைத்தான் தேட வேண்டும். அப்படிக் கிடைத்தால், உட்குழாய் நெளியாமல் வழுக்கிச் செல்கிறதா என்று பாருங்கள். விற்பவர் அனுமதித்தால் கட்டையைக் கழற்றி, போல்டுக்குப் பின்னால் அதிர்ச்சி தாங்கும் பிளாஸ்டிக் துண்டையும் பாருங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மஞ்சளித்து விரிசல் விடும். மாற்றுத் துண்டு சில டாலருக்கே கிடைக்கும் என்பதால், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.