குழந்தையா, நாம் இருவர் மட்டுமா, ‘அப்புறம் பார்க்கலாமா’?

எனக்கு 34 வயது, கணவருக்கு 38. மொரிஷியஸின் காத்ர் போர்ன் நகரில் இருக்கிறோம். ஒரு வருடமாக இந்த மூன்றையும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பணத்தை நினைத்துத்தான் பலர் தயங்குகிறார்கள். மொரிஷியஸில் அந்தப் பயம் பாதிதான் சரி. அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம், உயர்நிலைப் பள்ளி 1977 முதல் இலவசம், மாணவர்களுக்குப் பஸ்ஸும் இலவசம். டியூஷன்தான் கையைக் கடிக்கும். இருவர் மட்டும் என்றால் வீட்டுக் கடன் சீக்கிரம் அடையும். சரி, அதற்காக மட்டும் ஒரு முடிவெடுக்க முடியவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதுதான் பெரிய கேள்வி. 2024-இல் தாய்க்கான விடுப்பு 16 வாரமாகவும் தந்தைக்கான விடுப்பு 4 வாரமாகவும் உயர்ந்தது. அதற்கப்புறம்? என் அம்மா இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. கணவருக்கு ஹோட்டலில் இரவு ஷிஃப்ட். அக்கா தன் முதல் பிள்ளையோடு ஒரு வருடம் தனியாகப் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அப்படி ஒரு வருடம் எனக்கு வேண்டாம்.

“வயசான காலத்தில் யார் பார்ப்பா?” என்று கேட்கிறார்கள். முதியோர் ஓய்வூதியம் இங்கே வசதி பார்க்காமல் எல்லா முதியோருக்கும் உண்டு. துணைக்கு ஆள்? பெரியப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். இருவர் கனடாவில், ஒருவர் பிரான்ஸில். அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது பக்கத்து வீட்டுக்காரர். என் முதுமைக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையைப் பெற எனக்கு மனமில்லை.

“பேர் சொல்ல ஒரு பிள்ளை வேணாமா?” என்று மாமியார் கேட்பதை மட்டும் தள்ள முடியவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பெயர்தான் இன்று எங்கள் குடும்பப் பெயர். வீட்டில் பேசுவது கிரியோல் என்ற உள்ளூர் மொழி. தமிழ் பள்ளிப் பாடத்தோடும் கோவிலோடும் நிற்கிறது. காவடி நாளில் அத்தை மகளின் பிள்ளையைத் தூக்கும்போது மனம் இளகிவிடும்.

‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதுதான் மூன்றிலும் மோசம். 35-க்கு மேல் கருத்தரிப்பது கடினமாகிக்கொண்டே போகும், கருச்சிதைவு வாய்ப்பும் கூடும். தள்ளிப்போட்டால் நமக்காக வயதே முடிவெடுத்துவிடும். பிள்ளை வேண்டாம் என்பவர்கள் அதை முழு மனதோடு சொல்லலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் கணவர் தானாகவே பகல் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தார். கிடைத்துவிட்டது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டுமாம். நேற்று மாத்திரை வாங்கி வந்தேன்.