கொண்டல் வீசும் திடல்: கடலோர வில்வித்தைக் களம் ஒன்றின் மதிப்பீடு

சென்னைக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு வில்வித்தைத் திடலில், மார்ச் தொடங்கி மே முடிய மூன்று மாதங்கள் கட்டணம் கட்டி ரிகர்வ் வில்லில் (நுனிகள் வெளிப்புறம் வளைந்த, ஒலிம்பிக்கில் பயன்படும் வகை) பயிற்சி எடுத்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நகரத்துக்குள் கூரை வேய்ந்த கூடத்தில் 18 மீட்டர் தொலைவில் மட்டுமே எய்து பழகியவன் நான். அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் நிற்பதும் இல்லை. குறைகளையும் சொல்லப் போவதால் திடலின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கடலோரத்தில் உள்ள எந்தத் திறந்தவெளித் திடலில் சேர நினைப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

திடலின் அமைப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் இவர்கள் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். இலக்குத் தாளைத் தாங்கும் பலகைகளான பட்ரஸ்கள் ஆறு; நான்கு 70 மீட்டரிலும் இரண்டு 50 மீட்டரிலும் நிற்கின்றன. 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்குத் தாள், அதன் நடு மஞ்சள் தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி கட்டப்படுகிறது. போட்டி விதியும் அதைத்தான் கேட்கிறது. திடல் தெற்கு வடக்காக அமைந்து, எய்பவர் வடக்கு நோக்கி எய்கிறார். சூரியன் கண்ணுக்கு நேரே வரக்கூடாது என்பதற்காக வடகோளத்துத் திடல்கள் இப்படித்தான் அமைய வேண்டும். ஆனால் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. வலக்கைக்காரர் இலக்குக்கு இடத்தோளைக் காட்டி நிற்பவர் என்பதால், வடக்கு நோக்கிய திடலில் அவருடைய மார்பு கிழக்கைப் பார்க்கிறது. இந்தக் கடற்கரையில் கிழக்கே கடல்.

கீழைக்காற்றைக் கொண்டல் என்றும் மேல்காற்றைக் கோடை என்றும் நம்மவர்கள் பெயரிட்டு வைத்திருப்பதன் அருமை எனக்கு இந்தத் திடலில்தான் விளங்கியது. ஏப்ரல் மாதத்தில் காலை ஆறரை மணிக்கு நிலத்திலிருந்து கடல் நோக்கி மெல்லிய காற்று வரும், அல்லது காற்றே இருக்காது. வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து அனல் வீசும்; அது அம்பை இடமிருந்து வலமாகத் தள்ளும். நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிந்தியோ கடற்காற்று உள்ளே நுழைந்தவுடன், பத்து நிமிடத்துக்குள் எல்லாம் தலைகீழாகி அம்புகள் இடப்பக்கம் போய்ச் சேரத் தொடங்கும். பதினொன்றரை மணிக்குச் சைட்டைத் (வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவி) திருகிச் சரிசெய்து வைத்தவர், ஒரு மணிக்கு அதே அளவில் எய்தால் பிழை இரட்டிப்பாகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆறு அம்புகளும் அழகாக ஒன்றுசேர்ந்து, நடு மஞ்சளையும் சிவப்பையும் தாண்டிய நீல வளையத்தில், இடப்பக்கம் நின்றன.

இந்தச் சூழலில் திடலின் பெருங்குறை கொடி இல்லாதது. போட்டிகளில் ஒவ்வொரு பட்ரஸுக்கு மேலும் 25 முதல் 30 சென்டிமீட்டர் அளவில் மெல்லிய துணிக் கொடி ஒன்று பறக்கும். எய்யுமிடத்தில் உணரும் காற்றும் இலக்கருகே வீசும் காற்றும் ஒன்றல்ல என்பதால், கொடியைப் பார்த்துத்தான் எவ்வளவு தள்ளிக் குறிவைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். இங்கே எல்லைச் சுவருக்கு வெளியே நிற்கும் தென்னைகளைப் பார்த்துக் கொள்ளச் சொல்கிறார்கள். தென்னை ஓலை அசைவது முப்பதடி உயரத்துக் காற்றில். அம்பு பறப்பது அதற்கு வெகு கீழே, சுவரின் மறைவில். இரண்டு மாதம் தென்னையை நம்பி நான் இழந்த புள்ளிகளை எண்ணினால் வருத்தம்தான் மிஞ்சும்.

காற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். களைப்பைப் பற்றி யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. என் வில்லை முழுதும் இழுக்கையில் விரலில் ஏறும் பாரம் 38 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 17 கிலோ. தகுதிச் சுற்றுக்கு 72 அம்புகள். பெருக்கினால் 1,200 கிலோவைத் தாண்டுகிறது, முன்னோட்ட அம்புகள் தனி. ஆறு அம்புக்கு ஓர் எண்ட் என்ற கணக்கில் பன்னிரண்டு முறை 70 மீட்டர் போய் வருவதற்கு 1,680 மீட்டர் நடை. மே மாத வெயிலில், மணலில். வேகும் வெயிலில் பட்ரஸின் நுரைப்பலகை இளகி அம்பின் தண்டோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வோர் அம்பையும் பிடுங்க இரு கையும் வேண்டியிருந்தது. நாணைப் பிடிக்க வேண்டிய அதே விரல்கள் அதில் பாதி பலத்தை விட்டுவிட்டுத் திரும்பின. பட்டைச் சோப்பை அம்பின் முனைப்பக்கம் தேய்த்துக்கொள்ளும்படி பயிற்சியாளர் சொன்ன பிறகே இது குறைந்தது.

களைப்பு எப்படி வெளிப்படுகிறது என்பதை ஒரு நாள் மதியம், ஒன்பதாவது எண்டின் ஐந்தாவது அம்பில் துல்லியமாகப் பார்த்தேன். நாண் தாடைக்கு வந்துவிட்டது, மூக்கு நுனியில் நாண் தொட்டுவிட்டது, சைட்டின் வளையம் மஞ்சளுக்குள் நிற்கிறது. அம்பைப் போதிய அளவு இழுத்ததும் அதன் முனையிலிருந்து நழுவிச் சொடுக்கும் சிறு தகடான கிளிக்கர் மட்டும் விழவில்லை. அம்பின் முனை கிளிக்கரின் விளிம்புக்குள் ஒரு மில்லிமீட்டர் மிச்சமாக நின்றது. அந்த ஒரு மில்லிமீட்டரை இழுக்க வேண்டியது தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள். அவை ஓய்ந்துவிட்டதால் அந்த வேலையைக் கை தசைகள் எடுத்துக்கொண்டன, மணிக்கட்டு இறுகியது, வில்லைத் தாங்கும் இடத்தோள் காதை நோக்கி எழும்பியது. கிளிக்கர் விழுந்த கணத்திலேயே பின்கை முன்னால் சரிந்து, வில்கையும் தாழ்ந்தது. அம்பு ஆறு மணித் திசையில் சிவப்பு வளையத்தின் விளிம்பில் குத்தி நின்றது.

கணக்கும் இதையே சொல்கிறது. கண்ணிலிருந்து சைட்டின் வளையம் எனக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 70 மீட்டரில் அது 8 சென்டிமீட்டரை நெருங்கும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர், அதாவது நடுவிலிருந்து 6.1 சென்டிமீட்டருக்குள் விழுந்தால்தான் பத்து. சட்டைப் பொத்தானின் தடிமன்கூட இல்லாத ஒரு நடுக்கம் பத்தை ஒன்பதாக்கிவிடுகிறது.

ஆக, பக்கவாட்டில் போனால் காற்று, கீழே இறங்கினால் களைப்பு என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மூன்று வாரங்கள் அது சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் இரண்டையும் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது என்பது புரிந்தது. கொண்டல் பலமாக வீசும் மதியங்களில் அது நேரே மார்பில் மோதி உடலைக் குதிகாலுக்குத் தள்ளுகிறது. வில்லின் முன்னே நீட்டி நிற்கும் சமநிலைக் கம்பான ஸ்டெபிலைசர் பாய்மரக் கம்பைப்போல் காற்றைப் பிடிக்கிறது. வீச்சு தணியட்டும் என்று முழு இழுப்பில் மூன்று நான்கு நொடி கூடுதலாகக் காத்திருப்பேன். அப்படிக் காத்திருந்து எய்த அம்புகள்தான் கீழே போயின. காற்றுக்குக் கொடுத்த நொடிகளைத் தோள்தான் செலுத்தியிருந்தது. “காத்துக்காகப் பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்காதீங்க தம்பி, இறக்கிட்டு மறுபடி எடுங்க” என்று பயிற்சியாளர் சொன்னார். இறக்கி மறுபடி எடுப்பதும் ஓர் அம்பின் உழைப்பே என்பதால், 72 அம்புக்கு 85 முறை இழுத்த நாள்களும் உண்டு. ஆனாலும் அவர் சொன்னதே சரி: அதன் பின் கீழே விழுந்த அம்புகள் குறைந்தன, இடப்பக்கம் போனவை மட்டும் எஞ்சின, அவற்றை வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்து ஈடுகட்ட முடிந்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே இங்குள்ள பயிற்சிக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். அவர் வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த குறை நிழல். எய்யும் கோட்டுக்கு மேல் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள், ஆனால் வில் வைக்கும் தாங்கிகள் அதற்கு வெளியே வெயிலில் நிற்கின்றன. இது வெறும் வசதிக் குறைவு அன்று. மரத்தை உள்ளீடாகக் கொண்ட என் லிம்புகள் (வில்லின் வளையும் மேல், கீழ்க் கைகள்) சூடேறினால் சற்று இளகும், இழுப்பு வலு குறையும், அம்பு தாழும். நாணும் நெகிழ்கிறது; காலையில் 22 சென்டிமீட்டர் இருந்த நாண் இடைவெளி (வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) ஒரு நாள் மதியம் மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்ததை அளவுச்சட்டத்தால் பார்த்தேன். களைப்பும் அம்பைக் கீழே இறக்குகிறது, சூடான வில்லும் கீழே இறக்குகிறது என்றால், எது எது என்று எய்பவர் எப்படி அறிவார்? அறியாமல் சைட்டை மாற்றி வைத்து, மறுநாள் காலை வில் குளிர்ந்து தோளும் ஓய்வெடுத்த நிலையில் எய்தால் அம்புகள் பட்ரஸின் உச்சியைத் தேடிப் போகும். நான் இப்போது எண்ட்களுக்கு நடுவே வில்லை ஓர் ஈரமில்லாத வெள்ளைத் துண்டால் போர்த்தி வைக்கிறேன். தாங்கிகளை நான்கடி பின்னால் நகர்த்தினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இருமுறை சொல்லியும் நகரவில்லை.

குடிநீருக்கு ஒரு பானை இருக்கிறது, தண்ணீர் குளிர்ச்சியாகவே இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நாமே கொண்டுபோக வேண்டும். இதைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது: டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 23 அன்று யுமெனோஷிமா திடலில் நடந்த தகுதிச் சுற்றின் முடிவில், ரஷ்ய வீராங்கனை ஸ்வெட்லானா கொம்போயேவா தன் புள்ளிகளைச் சரிபார்க்கும்போது வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் கழித்து அவர் அணிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார் என்பது வேறு. ஒலிம்பிக் வரை போன உடலுக்கே அப்படியென்றால், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மே மாதத்தில் 72 அம்பு எய்ய நினைக்கும் நம்மைப் போன்றோர் கவனமாக இருப்பது நல்லது. நடத்துபவர்கள் யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை. கட்டணம் கட்டினால் கத்திரி வெயிலில் நண்பகலிலும் எய்ய விடுகிறார்கள்.

கழிவறை சுத்தம். வண்டி நிறுத்த இடம் போதும். வாடகை வில்கள் பழையவை, லிம்பில் திருகல் இருக்கிறது. சொந்த வில் உள்ளவர்கள் மட்டும் சேரலாம்.

காலை ஆறிலிருந்து ஒன்பது வரையிலான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று அடங்கியிருக்கும் அந்நேரத்தில் அம்பு எங்கே விழுந்தாலும் அது உங்கள் தவறே, அதனால் நுட்பத்தைத் திருத்த அதைவிட நல்ல நேரம் இல்லை. போட்டிக்குத் தயாராகிறவர்கள் வாரத்துக்கு ஒரு மதியமாவது கொண்டலில் நிற்க வேண்டும். காற்றில்லாக் கூடத்தில் சேர்த்த புள்ளிகளை நம்பி நான் முதல் வாரம் இங்கே வந்தபோது, 70 மீட்டரில் 36 அம்புக்கு 214 புள்ளிதான் எடுத்தேன். மே கடைசி சனிக்கிழமை, அதே கடற்காற்றில், 36 அம்புக்கு 268.

ஜூன் முதல் இன்னும் மூன்று மாதங்களுக்குக் கட்டணம் கட்டியிருக்கிறேன். மூன்றாம் எண் பட்ரஸின் மேல் ஒரு மூங்கில் குச்சியில் என் மனைவியின் பழைய மஞ்சள் துப்பட்டாவிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று பறக்கிறது; யாரும் அதை இன்னும் அவிழ்க்கவில்லை, இப்போது பக்கத்துப் பட்ரஸ்காரர்களும் எய்வதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள்.