பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: 1989-ஆ, 2024-ஆ?

பழைய வீடியோ கேம்கள் சிறந்தவையா, புதியவை சிறந்தவையா என்று பொதுவாகப் பேசத் தொடங்கினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. ஒருவர் தன் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் புதிதாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசுவார். விளையாட்டைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அதனால் ஒரே பெயரில், ஒரே வகையில், முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் II கணினிக்காக ஏறத்தாழத் தனியாளாக எழுதி, 1989-இல் ப்ரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. மற்றது, யுபிசாஃப்டின் மான்பெலியே ஸ்டூடியோ உருவாக்கி 2024 ஜனவரியில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்'. இரண்டும் பக்கவாட்டில் பார்த்து ஆடுபவை. இரண்டிலும் ஓடவும் தாவவும் வாள் வீசவும் வேண்டும். இரண்டிலும் தரையிலிருந்து முட்கள் எழும்பும்.

நம் ஊரில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது விண்டோஸ் பரவுவதற்கு முன் கணினிகளை இயக்கிய டாஸ் மென்பொருளுக்காக 1990-இல் வந்த பதிப்புதான். தொண்ணூறுகளில் பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் ஃபிளாப்பி விட்டு ஃபிளாப்பி மாறி அது பரவியது. பலருக்கு அதுவே கணினியில் ஆடிய முதல் விளையாட்டு. அதனால் அதன் மேல் உள்ள பற்றில் எவ்வளவு விளையாட்டுக்கு உரியது, எவ்வளவு அந்த வயதுக்கு உரியது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பிரித்த பிறகும் அந்த விளையாட்டில் மிஞ்சுவது ஏராளம்.

உடல்

முதலில் அசைவு. மெக்னர் 1985-இல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்தப் படச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் வரைந்தார். வாள்சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தில் எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் மோதும் காட்சி உதவியது. பொம்மைகள் சதுரம் சதுரமாகத் துள்ளிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மனிதன் மனிதனைப் போலவே ஓடி நின்றதற்கு இதுதான் காரணம்.

அந்த அசைவுக்கு ஒரு விலையும் இருந்தது. ஓடத் தொடங்கியவன் உடனே நிற்க மாட்டான். கால் சறுக்கி, உடலைப் பின்னுக்கு இழுத்து, அதன் பிறகே நிற்பான். தாவல் தொடங்கிவிட்டால் பாதியில் மனம் மாற வழியில்லை. விசையை அழுத்துவதற்கும் உடல் அதற்குப் பணிவதற்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். விளிம்புக்கு வந்தால் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அடி மேல் அடி வைத்துப் போக வேண்டும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அந்த விளையாட்டின் உயிர். அந்த உடலுக்கு எடை இருக்கிறது. ஒரு தளம் கீழே குதித்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு தளம் விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று தளம் என்றால் முடிந்தது. இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. விழுந்து விழுந்து உடம்பே கற்றுக்கொள்கிறது.

லாஸ்ட் கிரவுனின் நாயகன் சர்கோன் வேறு இனம். விரல் நினைப்பதற்குள் அவன் செய்துவிடுகிறான். ஓட்டத்தின் நடுவில் திரும்புவான், காற்றில் பாய்வான், சுவரில் காலூன்றி எகிறுவான், எதிரியின் வெட்டைச் சரியான கணத்தில் தடுத்து அதே வேகத்தில் திருப்பி அடிப்பான். நிண்டெண்டோ ஸ்விட்ச் போன்ற சிறு கருவியிலும் நொடிக்கு 60 படச் சட்டங்கள் ஓடும்படி செய்திருப்பதால், கைக்கும் திரைக்கும் நடுவே எதுவும் இல்லாதது போல் இருக்கிறது. அதன் தாவல் பாதைகள் சிலவற்றைக் கடந்து முடிக்கும்போது கையில் வரும் இன்பம் பழைய விளையாட்டில் கிடையவே கிடையாது. பழையதில் கிடைப்பது தப்பித்தோம் என்ற நிம்மதி. இது ஆடும் இன்பம். கைக்கு எது என்று என்னைக் கேட்டால் தயக்கமில்லாமல் 2024 என்பேன். நினைவின் மேல் எவ்வளவு பற்று இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

சாவும் நேரமும்

இரண்டு விளையாட்டுகளும் உண்மையில் பிரிவது இங்கேதான்.

1989-இல் கொடுக்கப்பட்ட கெடு ஒரு மணி நேரம். சுல்தான் ஊரில் இல்லாத நேரத்தில் ஜாஃபர் என்ற அமைச்சன் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறான். இளவரசி அவனை மணக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். மணற்கடிகாரம் கவிழ்க்கப்படுகிறது. அந்த 60 நிமிடம் கதைக்குள் இருக்கும் நேரம் மட்டுமல்ல, ஆடுபவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம், லெவலின் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடலாம். போன நிமிடம் மட்டும் போனதுதான். மூன்றாம் லெவலிலிருந்து சேமித்து வைக்க முடியும், ஆனால் எஞ்சிய நேரமும் சேர்ந்தே சேமிக்கப்படும். ஆறாம் லெவலில் 25 நிமிடத்தோடு சேமித்தவர், மேலே செல்லச் செல்ல, தான் முன்பே தோற்றுவிட்டதை மெல்ல உணர்வார். அந்தப் பதற்றத்தை உண்டாக்கப் பேய்முகமோ ரத்தமோ தேவைப்படவில்லை. அவ்வப்போது திரையின் அடியில் வரும் "இத்தனை நிமிடம் மீதி" என்ற ஒரே வரி போதுமானதாக இருந்தது.

இதே தொடரின் பிற்கால வரலாறு, அந்தக் கடுமையிலிருந்து படிப்படியாக விலகி வந்த வரலாறு. 2003-இல் வந்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கையில் ஒரு மாயக் குறுவாளைக் கொடுத்து, விழுந்த கணத்தைப் பின்னோக்கிச் சுழற்றவிட்டது. 2008-இல் வந்த விளையாட்டில் எலிகா என்ற துணைவி ஒவ்வொரு முறையும் கைபிடித்துத் தூக்கிவிடுவாள், சாவே கிடையாது. லாஸ்ட் கிரவுன் இவற்றுக்கு நடுவே ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. முள்ளில் விழுந்தால் கொஞ்சம் உயிர் குறைந்து, கடைசியாகக் கால் பதித்த தரைக்கே திரும்பலாம். சண்டையில் செத்தால் கடைசியாக இளைப்பாறிய வாக்-வாக் மரத்துக்குப் போக வேண்டும். நேரத்துக்குக் கெடு எதுவும் இல்லை.

பழைய முறை உயர்ந்தது, புதியது சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பழைய முறை சிறிய மாளிகைக்குத்தான் பொருந்தும். பன்னிரண்டு லெவல்களே உள்ளதால்தான் தோற்றவரைத் தொடக்கத்துக்கே அனுப்ப முடிகிறது. வழி மனப்பாடம் ஆனதும் முதல் நாள் ஒரு மணி நேரம் தின்ற பகுதியைச் சில நிமிடங்களில் கடக்கலாம், அந்த முன்னேற்றம் ஆடுபவரின் தலைக்குள்தான் நடக்கிறது. லாஸ்ட் கிரவுனின் காஃப் மலை இருபது மணி நேரத்துக்கு மேல் நீளும் நிலப்பரப்பு. அங்கே மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தால் யாரும் எந்த மூலையையும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். மூன்று தளம் கீழே தெரியும் பள்ளத்தின் விளிம்பில், கெடு ஓடிக்கொண்டிருக்க, தாவலாமா வேண்டாமா என்று நின்ற அந்தத் தயக்கம் 2024-இல் எனக்கு ஒரு முறையும் வரவில்லை. தாவிப் பார், விழுந்தால் என்ன என்று கை தானே முடிவு செய்துவிடுகிறது. இந்த இழப்பு உண்மையானது. இதைப் பழைய நினைவின் மயக்கம் என்று தள்ளிவிட முடியாது.

நிழல்

பழையதின் மிகப் பெரிய தருணம் வறுமையில் பிறந்தது. விளையாட்டில் எதிரிகள் வேண்டும், சண்டை வேண்டும் என்று மெக்னரின் தோழி டோமி பியர்ஸ் விடாமல் வற்புறுத்தினார். புதிய உருவம் வரைந்து சேர்க்க ஆப்பிள் II-இன் நினைவகத்தில் இடமில்லை. நாயகனின் படங்களையே எடுத்து, ஒரு புள்ளி நகர்த்தி, இரண்டும் வேறுபடும் புள்ளிகள் மட்டும் தெரியும்படி ஒன்றின் மேல் ஒன்றாக எக்ஸ்-ஆர் கணக்கில் போட்டபோது மினுங்கும் ஒரு நிழலுருவம் கிடைத்தது. நிழல் மனிதன் அப்படித்தான் வந்தான். நான்காம் லெவலில் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போது அவன் மறுபுறம் வெளியேறுகிறான். அடுத்த லெவலில் நமக்குரிய மருந்தைக் குடித்துவிட்டு ஓடுகிறான். அதற்கடுத்ததில் நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடுகிறான். பன்னிரண்டாம் லெவலில் வாளோடு எதிரே நிற்கிறான். அவனை வெட்டினால் நம் உயிர்ப்புள்ளி குறைகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடப்பது. இரண்டு உருவங்களும் ஒன்றாகின்றன. பிறகு வெறும் வெளியில் ஓடினால் காலுக்கடியில் பாலம் முளைக்கிறது.

இவ்வளவுக்கும் திரையில் ஒரு குறிப்பு வராது, ஒரு வசனம் வராது. அதுவரை விளையாட்டு கற்றுக்கொடுத்த பழக்கத்தையே உதறினால்தான் வழி. இதைத் தானாகக் கண்டுபிடித்தவர்கள் பேறு பெற்றவர்கள். மற்றவர்களுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்.

லாஸ்ட் கிரவுனிலும் நிழல் உண்டு. சிமுர்க் பறவையின் சக்திகளில் ஒன்றால் சர்கோன் தன் உருவத்தை ஓரிடத்தில் விட்டுவிட்டு, வேண்டிய நேரத்தில் அங்கே பாய்ந்து திரும்பலாம். மூடும் கதவுகளுக்கும் சுழலும் ரம்பங்களுக்கும் நடுவே அதை வைத்துப் பின்னியிருக்கும் புதிர்கள் அபாரமானவை. அங்கே நிழல் ஒரு கருவி. முன்பு அது ஒரு கேள்வியாக இருந்தது. கருவியாகப் பயன்படுத்துவதில் புதிய விளையாட்டு பல மடங்கு வளமானது. ஆனால் பத்து ஆண்டு கழித்தும் நினைவில் நிற்கப்போவது எது என்றால், வாளை உறையில் போட்ட அந்தக் கணம்தான்.

உதவி கேட்பது

இன்றைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் ஊட்டிவிடுகின்றன என்பது பழையதை நேசிப்பவர்களின் வழக்கமான குற்றச்சாட்டு. லாஸ்ட் கிரவுனில் எதிரியின் பலத்தைக் குறைக்கலாம், வெட்டைத் தடுக்கும் கால அவகாசத்தைக் கூட்டலாம், உருவங்கள் பளிச்சென்று தெரியும்படி நிறத்தை மாற்றலாம், முடியாத தாவல் பாதை வந்தால் ஒரு மாய வாசல் வழியே தாண்டியும் போகலாம். இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டச்சு செய்து விளையாட்டைத் தொடங்கியதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டால் ஷிப்ட்-டி அழுத்தினால் உயிர் கூடும், ஷிப்ட்-டபிள்யூ அழுத்தினால் இறகு போல் மெல்ல விழலாம், கே அழுத்தினால் எதிரி விழுவான், கூட்டல் குறியை அழுத்தினால் நிமிடம் கூடும். ஆய்வகத்தில் அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருந்த மாணவனுக்குத் தனி மரியாதை இருந்தது. அன்று ரகசியமாகக் கைமாறிய அதே உதவி இன்று மெனுவில் வெளிப்படையாக இருக்கிறது, அவ்வளவுதான். கண்பார்வை குறைந்தவரும், விரல் வேகம் இல்லாதவரும் யாரிடமும் கெஞ்சாமல் ஆட முடிகிறது. எனக்கு இது முழுமையான முன்னேற்றம்.

இன்னொன்றும் உண்டு. வரைபடத்தில் நினைவுச் சில்லு என்ற ஒரு வசதியை வைத்திருக்கிறார்கள். இப்போது கடக்க முடியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்திலேயே குத்தி வைக்கலாம். பிறகு புதிய சக்தி கிடைத்ததும் பார்த்துத் திரும்பி வரலாம். முன்பு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வரைந்த வேலையை இது எடுத்துக்கொள்கிறது, யோசிக்கும் வேலையை மட்டும் நம்மிடமே விடுகிறது. மற்ற ஸ்டூடியோக்கள் இதைப் பின்பற்ற வேண்டும்.

கதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழையதில் கதை ஒரு பத்திதான், எட்டாம் லெவலில் இளவரசி அனுப்பிய வெள்ளெலி வந்து கதவைத் திறக்கும் அழகான கணத்தைத் தவிர. அங்கே பாரசீகம் ஒரு திரைச்சீலை மட்டுமே. புதியதில் பாரசீகப் புராணத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது. விரும்பினால் பாரசீக மொழிக் குரல்களிலேயே முழு விளையாட்டையும் ஆடலாம், அப்படித்தான் ஆட வேண்டும். கதையின் பின்பாதி மட்டும் தேவைக்கு மேல் பேசுகிறது.

எது நிலைக்கும்

1989-இன் விளையாட்டு ஆப்பிள் II-இல் முதலில் சரியாக விற்கவில்லை. மற்ற கணினிகளுக்குப் போன பிறகே உலகைச் சுற்றியது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அதன் மூல நிரலை 2012-இல் மெக்னரின் தந்தை ஒரு பெட்டியில் கண்டெடுத்தார். விளையாட்டுக்கு இசையமைத்தவரும் அவரே. பழைய வட்டுகளிலிருந்து நிரலை மீட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி மெக்னர் இணையத்தில் வைத்துவிட்டார். லாஸ்ட் கிரவுனுக்கு விமர்சகர்களின் பாராட்டு நிறையக் கிடைத்தது. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில், அதை உருவாக்கிய குழுவினரில் பெரும்பாலோர் வேறு திட்டங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டது உறுதியானது. இவ்வளவு நன்றாகச் செய்தவர்களுக்கு அடுத்த பாகத்தைச் செய்ய வாய்ப்புத் தராமல் விட்டது என்னை இன்னும் வருத்துகிறது.

இரண்டையும் ஆடாதவர்கள் பழையதிலிருந்து தொடங்குவது நல்லது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் எந்த மடிக்கணினியிலும் அது ஓடும். மெகாஹிட் வேண்டாம், யூடியூபில் வழி பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரம் முடிந்து தோற்றால் மறுநாள் மீண்டும் உட்காருங்கள். அதன் பிறகு லாஸ்ட் கிரவுனைத் தொடங்கும்போது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில் குறி போட்டுக் காட்டும் முறையைத் தவிர்த்துவிட்டு, தேடல் முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய மாளிகையில் தனியாக வழி தேடிய அனுபவத்துக்கு அதுதான் மிக அருகில் வருகிறது.